ஊசிமுனைப் புனுகு

உதுமானுக்கு அநியாயம் செய்தவர் அவருடைய மச்சான் ஹபீப். உதுமான் கூட்டிய அத்தரைத் தன் கைவேலை என்று தர்கா வாசலில் ஊரே கூடியிருக்கும்போது சொன்னவர். உதுமான் பக்கத்தில்தான் நின்றார். ‘இது உதுமான் கூட்டினது’ என்று ஒரு வார்த்தை அன்றைக்கு ஹபீப் வாயிலிருந்து வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அதோடு உதுமான், மச்சான் கடைப்படியை மிதிப்பதை விட்டார். கடற்கரைத் தெருவில் அத்தர் காய்ச்சும் சபுரா பீவியை உஸ்தாதாக, குருவாக ஏற்று அவரிடம் போய்ச் சேர்ந்தார். இவருக்குத் தலை முழுக்க நரை. உஸ்தாதுக்கு இன்னும் நாற்பதுகூட ஆகவில்லை.

“இந்த வருஷம் தர்கா சந்தனக்கூடு ஊர்வலத்துக்கு என் அத்தர்தான் போகணும், உஸ்தாது.”

“போகட்டும் நானா. செய்யுங்க.” வயதில் மூத்த உதுமானை அண்ணன் முறை வைத்து ‘நானா’ என்றுதான் சபுரா பீவி அழைப்பார்.

செய்தார். சந்தன எண்ணெயில் ரோஜாவையும் தாழம்பூவையும் இறக்கினார். மணம் நின்று பிடிக்கப் புனுகு சேர்த்தார். அது புனுகுப் பூனையிடமிருந்து எடுக்கிற மெழுகு. மூக்கருகே கொண்டுபோனால் குடலைப் புரட்டும். துளியூண்டு கலந்தால் மற்ற மணங்களை ஓடவிடாமல் நிறுத்தி வைக்கும்.

ஹபீபின் அத்தரைவிட ஒரு நாளாவது கூட நிற்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் சேர்த்தார். முகர்ந்தார். பத்தாது என்று பட்டது. இன்னும் கொஞ்சம். கதவைச் சாத்திக்கொண்டு அந்த அறையிலேயே கிடந்தார்.

தர்கா நிர்வாகிகள் மணம் பார்க்க வருகிற நாளன்று குப்பியை உஸ்தாதிடம் நீட்டினார்.

உஸ்தாது முகர்ந்தார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

“கடல்ல போய் ஒரு முழுக்குப் போட்டுட்டு வாங்க.”

“இப்பவா? அசர் தொழுதுட்டு அவங்க வந்துடுவாங்களே!”

“அதனாலதான் சொல்றேன்.”

முணுமுணுத்துக்கொண்டே போனார். உப்புத் தண்ணீர் மூக்கிலேற முழுகினார். ஈரத்தலையோடு திரும்பி வந்தவர், வாசற்படியில் கால் வைத்ததுமே துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“என்ன உஸ்தாது இது, உள்ளே பூனை செத்துக் கிடக்கா?”

“பூனையெல்லாம் நல்லாத்தான் இருக்கு. உங்க குப்பியைத் திறந்து வெச்சிருக்கேன்.”

உதுமான் நம்பவில்லை. கிட்டே போய் முகர்ந்தார். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

“காலையில மணந்துச்சே!”

“உங்களுக்கு மணந்துச்சு.”

“ஹபீப் கடை வரைக்கும் எட்டணும்னு நெனச்சேன்.”

“எட்டும் நானா. ஆனா சந்தனக்கூட்டுக்குப் பக்கத்துல நடந்து வர்றவங்களுக்குல்ல முதல்ல எட்டும்?”

உதுமான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பள்ளிவாசலில் அசருக்குப் பாங்கு சொல்கிற குரல் கேட்டது. சட்டென்று நிமிர்ந்தார்.

“புனுகு கலக்காத எண்ணெய் சட்டியில மிச்சமிருக்கு. இன்னொரு குப்பிக்கு வரும்.”

“அப்புறம் எதுக்கு உட்கார்ந்திருக்கீங்க?”

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். எண்ணெயைத் துணியில் வடித்தார். புனுகுச் சிமிழை மட்டும் தொடாமல் தூரத் தள்ளி வைத்தார்.

உஸ்தாது அதை எடுத்துத் திறந்தார். தையல் ஊசியின் முனையால் ஒரு பொட்டுத் தொட்டு எண்ணெயில் விட்டுக் கலக்கினார்.

“அந்த நாத்தம் மறுபடியும் எதுக்கு?”

“இது இல்லாட்டி ஊர்வலம் தெருமுனை திரும்புறதுக்குள்ள மணம் போயிடும்.”

உதுமான் முகர்ந்தார். வெகுநேரம் மூக்கை எடுக்கவில்லை.

வெளியே செருப்புகளைக் கழற்றும் சத்தம். சலாம் சொல்கிற குரல்கள். அவற்றில் ஒன்று, நிர்வாகிகளோடு வந்த ஹபீபுடையது.

உதுமானின் தாடை இறுகியது.

“அவன் எனக்குச் சொல்ல வேண்டிய வார்த்தை பாக்கி இருக்கே, உஸ்தாது. அதை விட்டுடணுமா?”

“ஏன் விடணும்? வரவேண்டியது வரவேண்டியதுதான்.”

சபுரா பீவி குப்பியை மூடி அவர் கையில் வைத்தார்.

“அது வராட்டாலும் இது மணக்கணும்.”