நடுமலையில் பிடிக்காத பல்லி

ஜெபமணிக்கு நாற்பத்தாறு வயது. கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவர், முனைவர் பட்டத்துக்காகச் சம்பளமில்லா விடுப்பில் பல்கலைக்கழகத்துக்கு வந்திருந்தார். அவருக்கு வாய்த்த வழிகாட்டி டாக்டர் மலர்விழி ஏழு வயது இளையவர். மலர்விழி அவரை சார் என்பார், அவர் மலர்விழியை மேடம் என்பார். இதில் யார் குரு, யார் சீடர் என்று புதிதாக வருகிறவர்கள் முழிப்பார்கள்.

ஒரு மலைத்தொடரின் வடகோடியிலும் தென்கோடியிலும் பாறைப் பல்லிகளைப் பிடிப்பார் ஜெபமணி. வால் நுனியைக் கொஞ்சம் கத்தரித்துக்கொண்டு பல்லியை விட்டுவிடுவார். வால் மறுபடி முளைத்துவிடும். இவருக்குப் போன வருடங்கள்தான் முளைக்காது.

வால் நுனிகளின் டி.என்.ஏ. முழுவதையும் படித்து முடித்ததும் கணினி ஒரு படம் போட்டுக் கொடுத்தது. ஒரு பல்லிக்கு ஒரு புள்ளி. நெருங்கிய உறவு என்றால் பக்கத்தில், தூரத்து உறவு என்றால் தள்ளி. வடக்குப் பல்லிகள் ஒரு மூலையில் குவிந்திருந்தன, தெற்குப் பல்லிகள் எதிர்மூலையில். நடுவில் ஈ காக்கா இல்லை.

"புது இனம் மேடம்! தெற்குப் பல்லி தனி இனம்!"

பெயரும் முடிவாகிவிட்டது. மனைவி ஸ்டெல்லாவின் பெயர். "பல்லிக்குப் போயா எம் பேரு?" என்று ஸ்டெல்லா சிடுசிடுத்தார். ஆனால் சாயங்காலத்துக்குள் சொந்தபந்தம் முழுக்கப் போன் போட்டுச் சொன்னதும் அவர்தான். புது இனம் இருந்தால்தான் ஆய்வேட்டுக்கு உயிர். விடுப்பும் முடியப்போகிறது.

மலர்விழி படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க மேடம். எவ்வளவு வித்தியாசம் இருந்தா தனி இனம்?"

மலர்விழி தன் கணினியை அவர் பக்கம் திருப்பினார். திரையில் வேறொரு படம். அதிலும் மூலைக்கு ஒன்றாக இரண்டு புள்ளிக் குவியல்கள்.

"இதுல எத்தனை இனம் சார்?"

"ரெண்டு. கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லலாம்."

"நிச்சயமா?"

"இம்புட்டு இடைவெளி கிடக்கே மேடம்! என்ன பிராணி?"

"ஓணான்."

"எந்த ஓணான்?"

"வேலியில தலையாட்டிக்கிட்டு நிக்குமே, அதேதான். நான் படிக்கிறப்ப கடற்கரையோரமா ஊர் ஊராப் பிடிச்சது."

மலர்விழி ஒரு பொத்தானைத் தட்டினார். இடைவெளியில் புள்ளிகள் வந்து விழுந்தன. விழுந்துகொண்டே இருந்தன. கடைசியில் இரண்டு குவியலும் இல்லை. ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குக் கயிறு இழுத்துக் கட்டியதுபோல ஒரே வரிசை.

"நடு ஊர்கள்ல பிடிச்சதை மறைச்சு வெச்சிருந்தேன். எல்லாம் ஒரே இனந்தான் சார்."

ஜெபமணிக்கு முகம் சுண்டிப்போனது. கோபமும் வந்தது. சின்னப் பிள்ளைக்கு மிட்டாயைக் காட்டி ஏமாற்றியதுபோல இருந்தது அவருக்கு.

"எம் பல்லி ஓணான் இல்லையே மேடம்."

"இல்லதான். நடுமலையில ஏன் பிடிக்கலை?"

"ரோடு கிடையாது. ரெண்டு நாள் நடக்கணும். யானை வேற."

"பல்லி ரோட்டோரம் மட்டுந்தான் குடியிருக்கா?"

ஜெபமணி கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"இப்பவே புது இனம்னு கட்டுரையை ஜர்னலுக்கு அனுப்பிட்டா, நடுமலையைப் பத்தி ஒருத்தரும் கேக்க மாட்டாங்க மேடம்."

"கேக்க மாட்டாங்க."

"அப்ப அனுப்பிரலாமா?"

"அனுப்புங்க. எங்க கையெழுத்துப் போடணும்?"

மலர்விழி பேனா மூடியைக் கழற்றினார். கிண்டல் எதுவும் அந்த முகத்தில் இல்லை. ஜெபமணி பையைத் திறந்தார், தாளை வெளியே எடுத்தார். எடுத்த தாள் கையிலேயே நின்றது. பயம் அவருக்கு இப்போதுதான் முழுசாக வந்தது.

"போய்ப் பாத்து, அங்க வடக்கும் இல்லாம தெக்கும் இல்லாம ரெண்டுங்கெட்டானா பல்லி கிடைச்சிட்டா?"

"கிடைக்கலாம். கிடைக்காமலும் போகலாம்."

"கிடைச்சா என் புது இனமே இல்லாமப் போயிருமே மேடம்!"

"நீங்க போகலைன்னா, அது இருக்குமா சார்?"