முருங்கைக் கட்டை

பாரந்தாங்கி நாதர் கோயில்கொண்டிருக்கும் மேலத்திருமேட்டில் தேருக்கு முட்டுக்கட்டை போடும் திருத்தொண்டைச் செய்துவந்தவர் நல்லாண்டியார். ஊரெல்லாம் வடம் பிடித்து இழுக்கும். தேர் சரிவில் இறங்கும்போது சக்கரத்தடியில் கட்டையைச் செருகி அதை அடக்க வேண்டியவர் அவர். இழுக்கிறவன் அசந்தால் தேர் நிற்கும். கட்டைக்காரன் அசந்தால் உயிர் போகும். அதனால் எல்லோரும் அண்ணாந்து சுவாமியைத் தரிசிக்கும் அந்த நாளில் அவர் மட்டும் குனிந்து சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். முப்பது வருடம் தேரோடு நடந்தும், தேரில் வீற்றிருக்கும் பெருமானை அவர் ஒருமுறைகூடக் கண்டதில்லை. ஆட்களையும் கால்களை வைத்துத்தான் அடையாளம் சொல்வார்.

திருவிழா வருடத்தில் ஒருநாள்தான். தொண்டு அவருக்குத் தினமும் உண்டு. பொழுது சாயும் முன்பு தேர் நிற்கும் தேர்முட்டிக்குப் போய்ச் சக்கரங்களைத் துடைப்பார், அச்சில் எண்ணெய் விடுவார், புளிய வைரத்தில் செய்த கட்டைகளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். "ஐயனே, பாரத்த நான் பாத்துக்கிறேன். நீ வீதியப் பாரு" என்பார். அதற்குப் பிறகுதான் வீட்டில் சோறு.

வலச் சக்கரம் அவருடையது. இடச் சக்கரம் அவருடைய தம்பி சாத்தப்பருடையது. வடக்கு வீதி முக்கில் தெரு சரியும் இடத்தில் தேர் இடப்பக்கம் சாய்ந்து, மொத்த பாரமும் இடச் சக்கரத்துக் கட்டையின் மேல் வந்து உட்காரும். ஊர்ப் பெரியதனக்காரர் பொம்மண்ணர் தலையில் பரிவட்டத்தோடு அந்தச் சக்கரத்தின் முன்னால் நின்று தேங்காய் உடைப்பது வழக்கம்.

ஒரு வருடம் தேரன்று, பக்கத்து ஜமீனிலிருந்து விருந்தாளிகள் வந்திருந்தார்கள். அவர்கள் பந்தியில் அமருவதற்குள் தேர் நிலைக்குப் போய்விட வேண்டும் என்று பொம்மண்ணருக்கு அவசரம். தேங்காயை உடைத்துவிட்டு ஒதுங்கியவர், "கட்டைய எடுடா" என்று சாத்தப்பரை அதட்டினார். வடம் இன்னும் இறுகவில்லை, எடுத்தால் ஓடிவிடும் என்று சாத்தப்பர் சொல்லிப் பார்த்தார். மூன்றாவது அதட்டலில் எடுத்தார். தேர் அவர்மேலேயே ஓடிற்று.

கொட்டுச் சத்தத்தில் அந்த அதட்டலைக் கேட்டவர் நல்லாண்டியார் ஒருவர்தான். பொம்மண்ணரோ கொடிமரத்தில் கைவைத்து, "பய குடிச்சிருந்தான்" என்று சத்தியம் செய்தார். பெரிய மனிதர் சத்தியம் ஒரு பக்கம், கட்டைக்காரன் வாய்ச்சொல் ஒரு பக்கம். எது எடுபடும் என்று சொல்லவும் வேண்டுமா? கள்ளைக் கையால் தொடாத பிள்ளைக்குக் குடிகாரன் என்ற பெயர் நிலைத்துவிட்டது. நல்லாண்டியார் தெருவில் போனால், "அவங்க வீட்டுக் கட்டைய எண்ணெயில ஊறப்போட மாட்டாங்க, கள்ளுலதான்" என்று சிரித்தார்கள்.

அடியார் என்றால் இதையும் ஈசன் செயல் என்று பொறுத்திருப்பார் என நினைக்கிறீர்கள். இவர் பொறுக்கவில்லை. தொண்டை ஒருநாளும் விடவில்லை. தம்பியின் இடச் சக்கரத்தையும் தாமே ஏற்றுக்கொண்டு, வலப்பக்கத்துக்கு வேறொருவரைப் பழக்கினார். ஆனால் வேண்டுதல் மாறிப்போயிற்று. அச்சில் எண்ணெய் விட்டுக்கொண்டே, "பொய்ச் சத்தியம் பண்ணுனவன் கால என் சக்கரத்துக்கு முன்னால கொண்டாந்து நிறுத்து. வேற ஒண்ணும் கேக்கல" என்பார். இப்படி வேண்டுகிறவரைப் பக்தர் என்று சொல்லலாமா என்று கேட்டால், மனத்தில் இருந்ததை மறைக்காமல் சொன்ன பக்தர் அவர் என்பேன். தம்பி போன பிறகு இரண்டு வருடம் மழை பொய்த்துத் தேர் ஓடவில்லை. அந்த இரண்டு வருடமும் பகை அவருக்குள் உலை அரிசியாகக் கொதித்துக்கொண்டிருந்தது.

மூன்றாம் வருடம் மழை பெய்தது. தேருக்கு நாள் குறித்தார்கள். நல்லாண்டியார் கொல்லைக்குப் போய் முருங்கை மரத்தை அடியோடு வெட்டிச் சாய்த்தார்.

முருங்கை பருத்தால் தூணாகுமா? ஆகாது என்பது அவருக்குத் தெரியும். அதற்காகத்தான் வெட்டினார். அதைக் கட்டையாகச் செதுக்கி, கரியும் எண்ணெயும் பூசிப் புளிய வைரம் போலவே கறுக்கவைத்தார். சரிவில் பாரம் ஏறினால் தேங்காய் உடைகிற நேரத்துக்குத் தாங்கும். அதற்கு மேல் முறியும்.

அவருடைய மனைவி வடிவாயி அதைக் கையில் தூக்கிப் பார்த்தாள். கனமே இல்லை. விஷயம் புரிந்துவிட்டது.

"தம்பி இருந்தா இதக் கையால தொடுவானா?" என்றாள்.

"தம்பி இருந்தா இது எதுக்கு?" என்றார் அவர்.

அவள் கட்டையைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மேலே பேசியிருந்தால் அவரும் எதிர்த்துப் பேசியிருப்பார். அந்த ஒரு கேள்வி மட்டும் பல்லிடுக்கில் சிக்கிய நார் மாதிரி அவரோடு தேரடி வரைக்கும் வந்தது.

தேர் புறப்படும் முன்பு கட்டைகளைச் சுவாமி முன்னால் வைத்துப் பூசிப்பது முறை. குருக்கள் ஒவ்வொரு கட்டைக்கும் விபூதி சாத்திக்கொண்டு வந்தார். முருங்கைக் கட்டைக்கும் சாத்தினார். முப்பது வருடத்தில் ஈசனிடம் ஒரு பொய் சொல்லியிராத நல்லாண்டியார் குருக்களின் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆனாலும் அந்தக் கட்டையை அவர் மாற்றவில்லை.

தேர் வடக்கு வீதி முக்குக்கு வந்து சாய்ந்தது. அவர் முருங்கைக் கட்டையைச் செருகினார். பாரம் அதன்மேல் இறங்கிற்று. வேண்டிக்கொண்டபடியே பொம்மண்ணரின் கால்கள் சக்கரத்தின் முன்னால் வந்தன.

கால்களைப் படிக்கத் தெரிந்தவர் அல்லவா? பார்த்தார். சக்கரத்துக்கு இரண்டு முழம் முன்னால், சாத்தப்பர் விழுந்த இடம் இருந்தது. அங்கே எந்த அடையாளமும் கிடையாது, மண்தான். அந்தக் கால்கள் அதன் விளிம்பு வரை வந்து தயங்கின. மிதிக்கவில்லை. சுற்றிக்கொண்டு வந்து நின்றன. விரல்கள் மண்ணை இறுகப் பற்றிக்கொண்டன. சத்தியம் செய்த வாய் மறைத்ததைக் கால் மறைக்கவில்லை. இந்த மனிதனும் மூன்று வருடமாகத் தூங்கவில்லை என்று நல்லாண்டியாருக்குத் தெரிந்துபோயிற்று.

தேங்காய் உடைந்தது. கட்டை நெரிந்தது.

அந்தக் கணத்தில் அவருடைய பகை தீர்ந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். பகை அப்படியேதான் இருந்தது. ஆனால் அதைவிடப் பழையது ஒன்று அவரிடம் இருந்தது. சக்கரம் உருண்டால் பிடிக்க வேண்டும் என்று முப்பது வருடமாக அன்போடு பழகிய கை அது. மனம் முடிவுசெய்யும் முன்பே இடக்கை பாய்ந்து, முறிந்த கட்டையோடு சேர்ந்து சக்கரத்தடியில் போயிற்று. "ஐயனே" என்றார்.

தேர் நின்றது. மூன்று விரல்களின் மேல், சரிவில், மலை போன்ற தேர் நின்றது. முன்னாலிருந்து உலுக்குமரத்தைப் போட்டுப் பின்பக்கமாக நெம்பினார்கள், அசையவில்லை. வடத்தைத் திருப்பிக் கட்டி மேட்டுப்பக்கம் இழுத்தார்கள், அசையவில்லை.

பொம்மண்ணர் குனிந்து, முறிந்த கட்டைக்குள் தெரிந்த வெள்ளை மரச்சோற்றைப் பார்த்தார். "இது முருங்கையில்ல?" என்றார்.

"ஆமாங்க எசமான். உங்களக் கொல்லத்தான் செஞ்சேன்."

"அப்புறம் ஏன்டா கைய விட்ட?"

"நீங்க அந்த எடத்த மிதிக்கலயே."

பொம்மண்ணர் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "அவன் குடிக்கல. கட்டைய எடுக்கச் சொன்னது நான்தான்" என்று முணுமுணுத்தார்.

எலும்பு நொறுங்கிய வலியிலும் நல்லாண்டியார் விடவில்லை. "எனக்குத் தெரியுங்க எசமான். ஊருக்குக் கேக்கல" என்றார்.

பொம்மண்ணர் எழுந்தார். பரிவட்டத்தை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு, நான்கு வீதிக்கும் கேட்கும்படி சொன்னார். "சாத்தப்பன் குடிக்கல. மாட்டேன்னான். மூணு தடவ அதட்டி எடுக்க வச்சேன். கொடிமரத்துல நான் பண்ணுனது பொய்ச் சத்தியம்."

சொல்லி முடித்ததும், யாரும் இழுக்காமல், யாரும் நெம்பாமல், தேர் மேட்டுப்பக்கமாக ஒரு சாண் பின்னோக்கி உருண்டது. கை விடுபட்டது. உடனே புளிய வைரக் கட்டையை வலக்கையால் செருகிவிட்டுத்தான் அவர் சாய்ந்தார்.

தேர்மேலிருந்து குருக்கள் குரல் கொடுத்தார். "நல்லாண்டி, இப்பவாவது நிமிர்ந்து பாரப்பா."

அவர் நிமிர்ந்தார். முப்பது வருடத்தில் முதன்முறையாகத் தேரில் பெருமானைக் கண்டார். காலைக் கொண்டுவந்து நிறுத்து என்று கேட்டார், பெருமான் நிறுத்தியிருந்தார். கேட்டதுக்கு மேலே தம்பியின் பெயரையும் திருப்பிக் கொடுத்திருந்தார். நல்லாண்டியார் வாய்விட்டு அழுதார்.

அந்த மூன்று விரல்களும் பிறகு எதற்கும் உதவவில்லை. மிச்சமிருந்த ஏழு விரல்களால் இன்னும் பதினோரு தேருக்குக் கட்டை போட்டார். விரல் போன அன்று மதியம் வடிவாயி பிசைந்து ஊட்டிய சோறு மூன்று வருடத்துக்குப் பிறகு அவருக்கு ருசித்தது. "கொழம்புல போட முருங்கைக்கீரைதான் இல்ல" என்றாள் அவள். அவர் சிரித்தார்.

பகையை மனத்தில் சுமந்து வந்தும், கையை ஈசனுக்கே கொடுத்த நல்லாண்டியாரின் திருவடிகள் நம் தலைமேல் இருக்கட்டும்.