அடுக்களைக்குக் கேட்கும் ஜெபம்

"ஐயா, ஆண்டவர் என் ஜெபத்தைக் கேக்கவே மாட்டேங்கிறார்" என்றாள் ஞானப்பூ.

கோயில் வராந்தாவில் பாய் சுருட்டிக்கொண்டிருந்த போதகர் தயாளன் நிமிர்ந்து பார்த்தார். சபைக்குப் புதுசு. ஞானப்பூவின் மகனைவிட இளையவர். இந்தப் பிள்ளையாண்டான் என்னத்தைச் சொல்லிக் கிழிக்கப் போகிறான் என்ற இளக்காரத்தோடுதான் அவளும் வந்திருந்தாள். என்ன செய்ய, வேறு போக்கிடம் இல்லையே!

"யாருக்காக ஜெபிக்கிறீங்கம்மா?"

"என் மருமக ஷெர்லினுக்காகத்தான். தினமும் சாயங்காலம் குடும்ப ஜெபத்துல அவளுக்காக அழுது ஜெபிக்கேன். ஒரு மாத்தமும் இல்ல. இப்பல்லாம் ஜெபத்துல வந்து உக்காரவே மாட்டேங்கா. அடுக்களையிலேயே நிக்கா. சனிக்கிழமை என் மகனைக் கூட்டிக்கிட்டுத் தனிவீடு போறாளாம்! பேத்தியும் போயிருவா. நான் சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும்."

முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அழுகை நிஜந்தான்.

"எப்படி ஜெபிப்பீங்க? ஒருதரம் ஜெபிச்சுக் காட்டுங்க."

இதை அவளுக்குச் சொல்லியா கொடுக்கணும்? தலையில் முக்காடு போட்டு, அங்கேயே முழங்காலிட்டாள்.

"அன்புள்ள ஆண்டவரே! என் மருமகளுக்கு நல்ல புத்தியைத் தாரும். வெயில் ஏறின பிறகு எந்திரிக்கிற சோம்பலை அவளைவிட்டு விரட்டும். மீன்குழம்புக்கு எவ்வளவு புளி விடணும்னு அவளுக்கு வெளிப்படுத்தும். மணிக்கணக்கா தாய்வீட்டுக்குப் போன் பேசுற அந்த நாக்கைக் கட்டும், கர்த்தாவே!"

கோபுரத்துப் புறாக்கள் படபடவென்று பறந்தன.

போதகர் சிரிக்கவில்லை.

"ஆண்டவருக்குக் காது மந்தமாம்மா? இவ்வளவு சத்தம் எதுக்கு?"

"நல்லா கேட்டீங்க போங்க! அடுக்களை வரைக்கும் கேக்கணும்லா?"

சொன்ன பிறகுதான், என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

போதகர் அடுத்த பாயை எடுத்தார்.

"இன்னைக்கு மருமகளை ஜெபிக்கச் சொல்லுங்க. நீங்க கடைசியில ஆமென் மட்டும் சொன்னா போதும்."

"அவளா? ஐயோ, என்னைக் கிழிச்சுத் தொங்கவிட்டுருவாளே!"

"கிழிச்சா, அதுக்கும் ஆமென் சொல்லுங்க."

நல்லா இருக்கே நியாயம்! வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தாள்.

சாயங்காலம் பாய் விரித்தார்கள். மகன் செல்வின் உட்கார்ந்தான், பேத்தி அவன் மடியில் உட்கார்ந்தாள். சுவரோரம் கட்டிவைத்த மூட்டைகள் இருந்தன. ஞானப்பூ அடுக்களைப் பக்கம் திரும்பி, "ஷெர்லின், இன்னைக்கு நீ ஜெபம் பண்ணு" என்றாள்.

ஷெர்லின் ஈரக்கையோடு வந்து நின்றாள். புருஷனைப் பார்த்தாள். அவன் மின்விசிறியைப் பார்த்தான். அம்மாவுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் மாட்டியவன் வேறு எதைப் பார்ப்பான், பாவம்.

ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு அவள் முழங்காலிட்டாள்.

ஞானப்பூ கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். வரட்டும். புளிக்கு ஒன்று, போனுக்கு ஒன்று, தூக்கத்துக்கு ஒன்று. எல்லாம் சேர்ந்து இப்போது வரத்தானே போகிறது!

ஷெர்லினின் குரல் எழும்பவே இல்லை. காதைக் கொஞ்சம் முன்னால் நீட்டித்தான் கேட்க வேண்டியிருந்தது.

"ஆண்டவரே, சனிக்கிழமை நாங்க போறோம். போறது எனக்குச் சந்தோஷந்தான். உமக்குத் தெரியாததா? ஆனா அத்தை ராத்திரி பிரஷர் மாத்திரையை மறந்துருவாங்க. நான்தான் தண்ணியோட கொண்டுபோய் வைப்பேன். இனிமே வைக்க ஆள் இல்ல. நீர்தான் ஞாபகப்படுத்தணும். ஆமென்."

"ஆமென்" என்றான் செல்வின்.

"ஆமென்" என்றாள் பேத்தி.

அடுத்து ஞானப்பூவின் முறை. ஆமென் என்றால் அப்படியே ஆகட்டும் என்றல்லவா? இவர்கள் போகட்டும் என்று எந்த வாயால் சொல்வாள்? இத்தனை நாளும் அந்த மாத்திரை தானாகவா வந்து தலைமாட்டில் உட்கார்ந்தது? அதற்காக ஒரு நாளாவது ஆண்டவரிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருப்பாளா?

எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கண்ணைத் திறந்தாள். மேலே பார்க்கவில்லை. மருமகளைப் பார்த்தாள்.

"ஏட்டி ஷெர்லின், அவருக்கு ஆயிரம் சோலி கிடக்கும். நீயே ஞாபகப்படுத்தக் கூடாதா?"