கை படாத கம்ப்யூட்டர்

புத்தியை வீடு வீடாகப் பங்கிட்டுக் கொடுத்த நாளில், சென்னியப்பனும் அவருடைய இரண்டு தம்பிகளும் வீட்டைப் பூட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள் போலிருக்கிறது. மற்றபடி நல்லவர்கள். கோயமுத்தூரில் கிரைண்டர் பட்டறை வைத்திருந்தார்கள்.

அனுப்பிய கல்லெல்லாம் விரிசல் என்று ஒரு வியாபாரி அவர்கள்மேல் கேஸ் போட்டான். தோற்றால் பட்டறையே கைவிட்டுப் போகும். ஆனால் அந்த மகானுபாவனே, "கல் நன்றாகத்தான் வந்தது, இறக்கும்போது என் ஆட்கள்தான் போட்டு உடைத்துவிட்டார்கள்" என்று முன்பு மெயில் எழுதியிருந்தான். அது பட்டறைக் கம்ப்யூட்டரில் பத்திரமாக இருந்தது.

வக்கீல் மரகதவல்லி போனில் சொன்னார்: "எதையும் அழிச்சுடாதீங்க. கேஸ் முடியற வரைக்கும் அந்தக் கம்ப்யூட்டர்ல யாரும் கை வைக்கக் கூடாது. எல்லாம் இருக்கறபடியே இருக்கணும்."

சென்னியப்பனுக்கு உடம்பெல்லாம் பொறுப்பு ஏறிவிட்டது. கம்ப்யூட்டர் மேஜையைச் சுற்றிக் கயிறு கட்டினார். மேஜைமேல் இருந்த பாதி டீயையும் யாரும் தொடக்கூடாது என்றார்.

"ஏனுங்ணா, நான் இங்க உக்காந்திருந்தேனுங்களே?" என்றான் கடைசித் தம்பி வெள்ளிங்கிரி, கயிற்றுக்கு உள்ளேயிருந்து.

"அப்ப நீயும் இருக்கறபடியே இருக்கோணும். எந்திரிச்சீன்னா சாட்சி கலைஞ்சு போயிரும்."

"சோறுங்ணா?"

"கயித்துக்கு மேல நீட்டறோம்" என்றான் நடுத்தம்பி திருமூர்த்தி.

ஒதுங்குவதற்கு மட்டும் நாற்காலியோடு தூக்கிப்போனார்கள். மாதங்கள் ஓடின. டீயில் பூஞ்சை படர்ந்தது, வெள்ளிங்கிரிக்குத் தாடி படர்ந்தது. இரண்டையும் பார்த்துச் சென்னியப்பன் பூரித்துப்போனார்.

அப்படியொரு மெயிலே கிடையாது என்று வியாபாரி கோர்ட்டில் சாதித்தான். இருந்தால் காட்டுங்கள் என்றார் நீதிபதி. மரகதவல்லி பதறிப்போய்ப் போன் செய்தார்.

"அந்த மெயிலை உடனே எனக்கு அனுப்புங்க!"

"கேஸ் முடிஞ்சிருச்சுங்களா?"

"இல்லை!"

"அப்புறம் எப்படிங்க கை வைக்கறது?" என்று போனை வைத்த சென்னியப்பன் தம்பிகளிடம் சொன்னார்: "வக்கீலம்மா நம்மளச் சோதிச்சுப் பாக்கறாங்கடா. நான் அசருவனா?"

மெயிலை எடுக்க மரகதவல்லி அனுப்பிய ஆளைத் திருமூர்த்தி குழவியைத் தூக்கிக்கொண்டு துரத்தினான்.

கடைசியில் சென்னியப்பனைக் கூண்டில் ஏற்றினார்கள்.

"அந்த மெயில் இருக்கிறதா?" என்றார் நீதிபதி.

"பத்திரமா இருக்குதுங்க!"

"கொடுங்கள்."

"கேஸ் முடிஞ்சதும் தந்தர்றனுங்க."

நீதிபதி பேனாவை எடுத்தார். பிறகு கேஸை முடித்து வைத்தார். வியாபாரிக்கு ஜெயம்.

சென்னியப்பன் சிரித்த முகத்தோடு பட்டறைக்கு ஓடிவந்தார். "முடிஞ்சிருச்சுடா!" கயிற்றை அவிழ்த்தார்கள். வெள்ளிங்கிரி முனகிக்கொண்டே எழுந்தான். திருமூர்த்தி டீயைக் கொட்டினான். சென்னியப்பன் மெயிலைத் தேடி எடுத்து, மரகதவல்லிக்கு அனுப்பும் பட்டனை அமுக்கப்போன நேரத்தில் போன் அடித்தது.

"மனசைத் தளர விடாதீங்க" என்றார் மரகதவல்லி. "அப்பீல் போடலாம். கேஸ் இன்னும் முடியலை..."

சுட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டார் சென்னியப்பன். "நல்ல நேரத்துல சொன்னீங்க வக்கீலம்மா! இந்நேரம் அமுக்கியிருப்பனுங்க!"

போனை வைத்துவிட்டுத் திரும்பினார்.

"வெள்ளிங்கிரி, உக்காருடா. திருமூர்த்தி, ஓடிப்போய்ப் பூஞ்சை புடிச்சதா ஒரு பாதி டீ வாங்கிட்டு வா."