ஜாங்கிரி வாங்கிய நாள்

“அவனை என்ன செய்யட்டும் மேடம்?”

செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள் பேராசிரியை மங்கை.

மங்கை ஆய்வு மாணவியாக இருந்த காலத்தில் அவளுக்கு வழிகாட்டி, இந்த ரெஜினா மேடம்தான். அவர் கையிலிருந்த ஜெபமாலையை முத்தமிட்டு மேஜைமேல் வைத்தார்.

“முதல்ல தண்ணி குடிம்மா. யாரை?”

“தயாளனை. என்கிட்ட பிஎச்டி பண்றவன். கொட்டாங்கச்சிக் கரியில தண்ணியைச் சுத்தம் பண்ற சோதனை. பாதிக்கு மேல செய்யவே இல்லையாம். முடிவு எண்களையெல்லாம் அவனா போட்டிருக்கான். கட்டுரை என் பேரோட அச்சாகியும் போச்சு!”

“யார் கண்டுபிடிச்சாங்க?”

“யாரும் இல்ல. காலையில அவனே வந்து நின்னு அழுதான்.”

“ம்.”

“பல்கலைக்கழகத்துக்கு எழுதினா அவன் படிப்பு போயிடுமோ என்னவோ. என் பேரும்தான். எழுதலைன்னா சாமி முன்னாடி எப்படி நிப்பேன்?”

“எழுதத்தான் வேணும். கட்டுரையையும் திரும்ப வாங்கிடணும்.”

மங்கை தலையாட்டினாள்.

மேடம் கேட்டார்: “சோதனை ஜெயிச்சா உன் ஆய்வகத்துல என்ன செய்வே?”

“எல்லாருக்கும் ஸ்வீட் வாங்குவேன். உங்ககிட்ட கத்துக்கிட்டதுதானே?”

“ஜெயிக்கலைன்னா?”

“மறுபடியும் பண்ணச் சொல்வேன்.”

“அவன் முதல்ல நிஜமான எண்களைத்தானே கொண்டுவந்திருப்பான்?”

“கொண்டுவந்தான். ‘இதை வச்சு நான் என்ன பண்றது’ன்னு திருப்பி அனுப்பிட்டேன்.”

மேடம் மெதுவாகக் கேட்டார்.

“சோதனைக்கு நீ வளர்த்த பாசி மொத்தமும் செத்துப்போச்சே, அன்னைக்கு ஞாபகம் இருக்கா?”

“மறக்குமா? நான் அழுதுக்கிட்டே வந்து சொல்றேன், நீங்க போய் ஜாங்கிரி வாங்கிட்டு வர்றீங்க! நான் சொன்னது உங்க காதுல சரியா விழலைன்னு நினைச்சேன்.”

“நல்லாவே விழுந்துச்சு. அதுக்குத்தான் வாங்கினேன்.”

மங்கைக்குக் கண் நிறைந்து வந்தது. மேடத்தின் கைகளைப் பிடித்துக் கண்களில் ஒற்றிக்கொண்டாள்.

சாயங்காலம் பல்கலைக்கழகத்துக்கும் கட்டுரை வந்த பத்திரிகைக்கும் எழுதி அனுப்பினாள். தன் பங்கையும் மறைக்கவில்லை. பிறகு தயாளனைக் கூட்டிக்கொண்டு ஸ்வீட் கடைக்குப் போனாள்.

“அரைக் கிலோ ஜாங்கிரி போடுங்கண்ணே.”

கடைக்காரர் முகமெல்லாம் சிரிப்பு. “என்ன மேடம், மறுபடியும் ஜெயிச்சாச்சா?”

தயாளன் தரையைப் பார்த்தான்.

“இல்லண்ணே, தோத்துட்டோம்,” என்றாள் மங்கை. “இன்னொரு கால் கிலோ சேர்த்தே கட்டுங்க.”