ராஜா நெற்றிக்கு லேசர்

மங்கலக்கோட்டையை ஆண்ட உத்தண்ட பூபதி ஒருநாள் காலையில் கண்ணாடி பார்த்தார். நெற்றியில் கோடு கோடாகச் சுருக்கம். கண்ணோரத்திலும் சுருக்கம். அன்றைக்கு ராஜா கஞ்சிகூடக் குடிக்கவில்லை. மறுநாளே லேசர் வைத்தியர்கள் இரண்டு பேர் சபைக்கு வந்துவிட்டார்கள்.

ராஜா காலத்தில் லேசர் ஏது என்று கேட்பீர்கள். கதை சொல்வது நானா, நீங்களா? இருந்தது. பேசாமல் கேளுங்கள்.

கீழவாசல் வைத்தியர் முதலில் ஆரம்பித்தார். “என் லேசர் மேல்தோலையே எடுத்துவிடும் மகாராஜா. ஒரே தடவைதான். ஆழமான சுருக்கமும் போய்விடும்.”

“முகம் எப்படி இருக்கும்?”

“ரெண்டு வாரம் பச்சைப் புண்ணாக இருக்கும். அப்புறம் சில மாதம் சிவந்திருக்கும். அதற்கப்புறம் அழகுதான்.”

மேலவாசல் வைத்தியர் சிரித்தார். “என் லேசர் மேல்தோலைப் புண்ணாக்காது. உள்ளே சூடு காட்டித் தோலை இறுகவைக்கும்.”

“சுருக்கம் போய்விடுமா?”

“நாலைந்து தடவை செய்துகொண்டால் கொஞ்சம் குறையும்.”

“அதற்கு விளக்கெண்ணெய் தடவிக்கொள்ளலாமே!” என்றார் கீழவாசல்.

“உம்மிடம் வருவதற்கு அம்மியில் முகத்தைத் தேய்க்கலாமே!” என்றார் மேலவாசல்.

ராஜாவுக்கு இரண்டிலும் ஆசை. இரண்டிலும் பயம். அப்போது திவான் அனந்தப்பர் எழுந்தார். அவருக்கு விகடகவி மருதப்பனைக் கண்டாலே ஆகாது.

“மகாராஜா, முதலில் வேறொரு முகத்தில் செய்து பார்த்துவிடலாம். நம் மருதப்பனுக்கும் சுருக்கம் இருக்கிறது. வலது பாதியைக் கீழவாசலாருக்குக் கொடுப்போம். இடது பாதியை மேலவாசலாருக்கு. எது தேவலை என்று ஒரே மூஞ்சியில் தெரிந்துவிடும்.”

“பலே! நாளைக்கே ஆரம்பியுங்கள்” என்றார் ராஜா.

முகத்தைக் கோணி நாலு பேரைச் சிரிக்கவைத்துத்தான் மருதப்பன் வீட்டில் அடுப்பு எரிகிறது. அந்த முகம் புண்ணாகிப் போனால் எவன் சிரிப்பான்? ஆனாலும் கைகட்டி நின்றான்.

“உத்தரவு மகாராஜா. ஒரே ஒரு சந்தேகம். நான் கோணங்கித்தனம் பண்ணிப் பண்ணி, என் சுருக்கமெல்லாம் மூக்கைச் சுற்றித்தான் இருக்கிறது. தங்களுக்கோ நெற்றியில். என் மூக்கில் பார்த்ததை நம்பித் தாங்கள் நெற்றியைக் கொடுக்கலாமா?”

“கூடவே கூடாது” என்றார்கள் இரண்டு வைத்தியர்களும். வந்ததிலிருந்து அவர்கள் ஒத்துப்போனது இந்த ஒன்றில்தான்.

“அப்படியானால் என்னைப் போலவே சுருக்கம் உள்ள ஆளுக்கு நான் எங்கே போவேன்?” ராஜா கோபத்தில் நெற்றியைச் சுருக்கினார்.

பக்கத்தில் நின்ற திவானும் நெற்றியைச் சுருக்கினார். எல்லாம் பழக்கம்தான். பட்டம் கட்டிய நாளிலிருந்து ராஜா முறைத்தால் இவரும் முறைப்பார், ராஜா கவலைப்பட்டால் இவரும் கவலைப்படுவார்.

“ரெண்டு பேரும் அப்படியே இருங்கள்!” என்று கத்தினான் மருதப்பன். “வைத்தியர்களே, ரெண்டு நெற்றியையும் பாருங்கள்.”

வைத்தியர்கள் கிட்டே போய்ப் பார்த்தார்கள்.

“கோட்டுக்குக் கோடு அப்படியே இருக்கிறதே!” என்றார் கீழவாசல். மேலவாசல் அளந்தே பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

திவானுக்கு முகம் வெளிறிவிட்டது. “ஐயையோ! மகாராஜா, இந்தக் கோடுகள்தானே தங்களுக்குக் கம்பீரம்! லேசரெல்லாம் நமக்கு எதற்கு?”

“மருதப்பன் மூஞ்சிக்கு மட்டும் நல்லதோ?” என்றார் ராஜா.

திவான் இரண்டு கையாலும் நெற்றியை மூடிக்கொண்டார்.

ராஜா அவரையே பார்த்தார். பிறகு கண்கள் சுருங்க, வயிறு குலுங்கச் சிரித்தார். “உமக்கே வேண்டாத லேசர் எனக்கு மட்டும் எதற்கு? நெற்றி இருக்கிறபடி இருக்கட்டும்!” என்று தன் முத்துமாலையைக் கழற்றி மருதப்பன் கழுத்தில் போட்டார். வைத்தியர்களுக்கு ஆளுக்கொரு சால்வை கொடுத்து அனுப்பினார்.

ராஜா சிரித்தால் திவான் சும்மா இருப்பாரா? அழுகை முட்டிக்கொண்டு வந்தாலும், கண்கள் சுருங்க, வயிறு குலுங்க அவரும் சிரித்தார்.

மருதப்பன் வாசல் பக்கம் திரும்பினான்.

“வைத்தியர்களே, கொஞ்சம் நில்லுங்கள். கண்ணோரமும் ஒத்துப்போகிறது.”