வட்ட அறைக்குள் ஒரு நேர்ச்சுவர்

கரட்டுமலை மடத்தில் பழைய நெற்களஞ்சியம் ஒன்று காலியாகக் கிடந்தது. வட்டமான கட்டடம். அதைச் சமையலறையாகவும் பெண்களுக்குக் குளியலறையாகவும் மாற்றும் பொறுப்பை குரு சிவக்கொழுந்து வடிவாம்பாளிடம் விட்டார். சிஷ்யைதான், ஆனால் குருவைவிட வயதில் மூத்தவள்.

அதுவரை மடத்துப் பெண்கள் ஓலைத் தட்டிக்குப் பின்னால்தான் குளித்தார்கள். காற்றடித்தால் ஒருத்தி குளிக்க, இன்னொருத்தி தட்டியைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

கையில் பணம் கொஞ்சம்தான். யாரோ தானமாகக் கொடுத்த கடப்பைக்கல் பலகைகள் இருந்தன. அவற்றைச் சுவரோரமாகச் சமையல் மேடையாகப் போடச் சொன்னாள். சுவர் வளைந்து போனது, கல் வளையவில்லை. கல்லுக்கும் சுவருக்கும் இடையே இடைவெளி விழுந்தது. மேடையில் வைத்த கரண்டி அதற்குள் போய் விழுந்தது.

கொத்தனார் காளியப்பன் சிரித்துவிட்டார். "முட்டைக்குள்ள பெட்டிய வைக்கப் பாக்குறீங்க. இடிச்சுட்டுச் சதுரமாக் கட்டுங்கம்மா."

"இடிச்சா, கட்டப் பணம்?"

"அப்போ தட்டியையே கெட்டியாப் பிடிச்சுக்குங்க."

வடிவாம்பாளுக்குப் பொறுக்கவில்லை. நேரே குருவிடம் போனாள்.

"சாமி, வட்டச் சுவரோட நேரான கல்லை எப்படிச் சேக்கறது?"

"பசிக்குதும்மா. ஒரு தோசை ஊத்துங்க."

வேலை அங்கே நாறிக் கிடக்கிறது, இவருக்குத் தோசை கேட்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டே தோசைக்கல்லைக் காயவைத்தாள். மாவை ஊற்றிக் கரண்டியைச் சுழற்றினாள்.

"எங்கேயிருந்து ஆரம்பிச்சீங்க?"

"நடுவுலேருந்துதான். ஓரத்துலேருந்து யாராவது தோசை..."

பேச்சு பாதியில் நின்றது. தோசை கருகியது. குரு அதையும் சாப்பிட்டார்.

மறுநாள் காலை வடிவாம்பாள் களஞ்சியத்தின் நட்டநடுவே, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை கோலமாவால் ஒரே கோடு இழுத்தாள்.

"இதுமேல ஒரு சுவரு எழுப்புங்க. இந்தப் பக்கம் அதை ஒட்டி மேடை. அந்தப் பக்கம் குளிக்கிற இடம். ஒரே குழாய், ரெண்டு பக்கமும் தண்ணி."

காளியப்பன் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். "வட்டச் சுவரை என்ன பண்றது?"

"ஒண்ணும் பண்ண வேணாம். கூரையத் தாங்கிட்டு நிக்குதில்ல, அது போதும்."

"இது எனக்குத் தோணாமப் போச்சே" என்று தலையைச் சொறிந்தார்.

வேலை முடிந்த அன்று பெண்கள் ஒவ்வொருத்தியாகத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு குளித்தார்கள். ஒருத்தி உள்ளே பாட்டே பாடினாள். வெளியே நின்றவர்கள் கதவைத் தட்டித் திட்டினார்கள். பக்கத்து ஊரிலிருந்து பார்க்க வந்தவர்கள், "யாரு போட்ட பிளானு?" என்று கேட்டு முடிப்பதற்குள், "நான்தான்" என்றாள் வடிவாம்பாள்.

சொன்ன பிறகு மனசு உறுத்தியது. குருவின் எதிரே போய் உட்கார்ந்தாள்.

"சாமி, எனக்குக் கர்வம் வந்துடுச்சு. நடையே மாறிப்போச்சுன்னு சொல்றாங்க. இதை எப்படிப் போக்கறது?"

"ரெண்டு பக்கமும் தண்ணி வருதா?"

"நல்லா வருது சாமி."

"ஒழுகுதா?"

"ஒரு சொட்டு ஒழுகலை."

"அப்போ இருந்துட்டுப் போகட்டும்."